தொடர்மாடியின் மொட்டைமாடி யாருடையது?

கொழும்பில் தொடர்மாடி வீடொன்றை வாங்குபவர் உறுதியில் கையெழுத்திடும்போது மூன்று அறைகளும் குசினியும் பல்கனியும் வாங்குவதாகவே நினைக்கிறார். அதே கையெழுத்தோடு அவர் வேறு பலவற்றுக்கும் பங்காளியாகிவிடுகிறார் என்பது அவருடைய நினைவில் இருப்பதில்லை. கட்டடம் நிற்கும் காணி, அத்திவாரம், தூண்கள், மாடிப்படி, லிப்ட், கூரை, தண்ணீர்த் தாங்கி, பம்பு, வெளிச்சுவர், மழைநீர்க் குழாய் எல்லாம் அவருக்கும் அக்கட்டடத்திலுள்ள ஏனைய உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. அவற்றில் தனது பங்கை மட்டும் பிரித்து விற்க அவரால் முடியாது. அவற்றைப் பராமரிக்கும் கடமையிலிருந்து விலகவும் முடியாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பகுதிகளில் கடந்த முப்பது, நாற்பது வருடங்களில் எழுந்த தொடர்மாடிகளில் பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்கள் தமது சேமிப்பைப் போட்டிருக்கின்றன. காணி விற்ற காசு, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசு, ஓய்வூதியப் பணம் எல்லாம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. அந்தக் கட்டடங்களுக்கு இப்போது வயதாகிறது. அவற்றை யார், எந்தப் பணத்தில், எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வி வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பொதுக்கூட்டத்தில் எழுகிறது. தேநீர் வருவதற்குள் அது ஒத்திவைக்கப்பட்டும் விடுகிறது.

இலங்கையில் இதற்கான சட்டம் புதியதல்ல. தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும், அதற்கு 1982 இலும் 2003 இலும் கொண்டுவரப்பட்ட திருத்தங்களும் இந்த விடயத்தை ஒழுங்குபடுத்துகின்றன. அதே 1973 இல் உருவான பொது வசதிகள் சபைதான் 2003 இல் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையாக மாறியது. சட்டத்தின்படி ஒரு கட்டடத்தின் கூட்டாதனத் திட்டப்படம் பதிவு செய்யப்பட்டதும் அக்கட்டடத்துக்கென ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகிறது. வீட்டு உரிமையாளர் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். சேர விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. கோயில் நிர்வாக சபையிலிருந்தோ பழைய மாணவர் சங்கத்திலிருந்தோ கோபித்துக்கொண்டு வெளியேறலாம். இதிலிருந்து வெளியேற ஒரே வழி வீட்டை விற்பதுதான்.

உறுப்புரிமை கட்டாயம் என்றாலும் அதை நடத்துபவர்கள் தொண்டர்கள். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், பாடசாலை ஆசிரியை, கடை வைத்திருப்பவர் என மூன்று நான்கு பேர் சபையில் இருப்பார்கள். சம்பளம் கிடையாது. லிப்ட் நின்றால் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி வரும். கட்டணம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். செலவழித்தால் சந்தேகப்படுவார்கள். இப்படிப்பட்டவர்களின் கையில்தான் பல கோடி ரூபா பெறுமதியான கட்டடம் ஒன்றின் ஆயுள் இருக்கிறது.

போதுமான தொகை எது?

பொதுப் பகுதிகளைப் பராமரிக்கவும் காப்புறுதிக் கட்டணம் செலுத்தவும் ஏனைய கடப்பாடுகளை நிறைவேற்றவும் ஒரு நிதியை ஏற்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நிதிக்காக உரிமையாளர்களிடமிருந்து அவரவர் வீட்டின் பங்குப் பெறுமதிக்கு ஏற்ப அறவிடலாம். பங்குப் பெறுமதி என்பது திட்டப்படத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்து வைக்கப்பட்டிருக்கும் எண். கீழ்மாடியில் இருப்பவர் 'நான் லிப்டில் ஏறுவதே இல்லை, அதற்கு ஏன் காசு கட்ட வேண்டும்' என்று கேட்பது எல்லாத் தொடர்மாடிகளிலும் கேட்கும் குரல். பாவனையை வைத்துக் கட்டணம் தீர்மானிக்கப்படுவதில்லை, பங்கை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது என்பதே அவருக்கான பதில். கூரை ஒழுகினால் மேல்மாடிக்காரருக்குத்தான் நனைகிறது. ஆனாலும் கூரைச் செலவில் கீழ்மாடிக்காரருக்கும் பங்குண்டு.

அறவிடும் தொகை எவ்வளவு என்பதைச் சட்டம் கூறவில்லை. போதுமானது எனக் கூட்டுத்தாபனம் கருதும் தொகை என்று அதனிடமே விட்டுவிடுகிறது. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. கூட்டுத்தாபனம் கருதுவது என்றால் நடைமுறையில் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் கைதூக்குவது. வந்தவர்கள் எந்தத் தொகைக்குக் கைதூக்குவார்கள்? கடந்த வருடம் கட்டிய தொகைக்கு. இவ்வாறு பல கட்டடங்களில் மாதக் கட்டணம் கட்டடத்தின் தேவையைப் பார்த்து நிர்ணயிக்கப்படாமல், யாரும் சண்டைக்கு வராத தொகை எதுவோ அதில் நின்றுவிடுகிறது. அந்தத் தொகை காவலாளியின் சம்பளத்துக்கும் பொது மின்மீற்றரின் பட்டியலுக்கும் லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் போதும். மாத முடிவில் கணக்கு நேராகிவிடும். எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும்.

2022 அந்தத் தோற்றத்தை உடைத்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் எட்டாம், ஒன்பதாம் மாடிகளில் முதியவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். பம்பு ஓடாவிட்டால் மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது என்பதைப் பலர் முதன்முறையாக அறிந்துகொண்டார்கள். அந்த வருடம் ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. சில வாரங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குச் சென்றதால், இறக்குமதி செய்யப்படும் லிப்ட் உதிரிப்பாகங்களின் விலையும் அதே வேகத்தில் எகிறியது. மாதக் கணக்கை நேராக்கி வந்த சபைகளிடம் இதைத் தாங்குவதற்குச் சேமிப்பு இருக்கவில்லை. சேமித்து வைத்திருந்த சபைகளுக்கும் அடி விழுந்தது: கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். நடைமுறைக் கணக்கில் வட்டியின்றிக் கிடந்த பணத்தின் பெறுமதி கண்முன்னே கரைந்தது.

ஒரு சிறு கணக்கு

நாளாந்தச் செலவு வேறு, கட்டடத்தின் தேய்மானம் வேறு. லிப்ட், கூரையின் நீர்த்தடுப்புப் பூச்சு, பம்பு, வெளிச்சுவர்ப் பெயின்ட் ஆகியவை மாதாமாதம் பட்டியல் அனுப்புவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அவற்றின் ஆயுளில் ஒரு துண்டு குறைகிறது. அதற்காகச் சிறிது சிறிதாக ஒதுக்கும் பணத்தைத்தான் கணக்காளர்கள் ஆழ்நிதி என்கிறார்கள். கூட்டங்களில் அதை 'சிங்கிங் பண்ட்' என்றே சொல்லக் கேட்கலாம். பெயர் பயமுறுத்தினாலும் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

24 வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லா வீடுகளுக்கும் சம பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் கட்டடத்துக்கு விலைக்கோரல் பெற்றுத்தான் போட வேண்டும். லிப்ட் மாற்ற 1 கோடி 44 இலட்சம், ஆயுள் 25 வருடம்: வீடொன்றுக்கு மாதம் 2,000 ரூபா. வெளிச்சுவரின் வெடிப்புகளை அடைத்துப் பெயின்ட் அடிக்க 57 இலட்சத்து 60 ஆயிரம், பத்து வருடத்துக்கு ஒருமுறை: மாதம் 2,000. கூரை நீர்த்தடுப்புக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம், அதுவும் பத்து வருடம்: 500. பம்புகளும் குழாய்களும் 7 இலட்சத்து 20 ஆயிரம், பத்து வருடம்: 250. மொத்தம் 4,750 ரூபா. காவலாளியின் சம்பளமோ மின்பட்டியலோ துப்புரவோ இதில் ஒரு சதம்கூட இல்லை.

மாதக் கட்டணமாக மொத்தமே 5,000 ரூபா அறவிடும் கட்டடத்தில் இந்த 4,750 எங்கே? எங்கும் இல்லை. அது யாரும் எழுதி வைக்காத கடனாக ஒவ்வொரு வீட்டின் தலையிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. லிப்ட் முற்றாக நின்றுபோகும் நாளில் வீட்டுக்கு ஆறு இலட்சம் கொடுங்கள் என்று சபை கேட்கும்போதுதான் அது வெளியே தெரியும். அப்போது வீட்டில் இருப்பவர், பதினைந்து வருடம் குறைந்த கட்டணத்தில் லிப்டைப் பாவித்துவிட்டு விற்றுச் சென்றவரின் பங்கையும் சேர்த்துக் கட்டுகிறார். என் பார்வையில், 'கட்டணத்தைக் கூட்டாதீர்கள், ஓய்வூதியத்தில் வாழ்கிறோம்' என்ற வாதத்துக்கு மிக வலுவான மறுமொழி இதுதான். ஓய்வூதியத்தில் வாழ்பவரால் மாதம் 4,750 ரூபாவைச் சிரமப்பட்டாவது கட்ட முடியும். ஒரே தடவையில் ஆறு இலட்சத்தைக் கட்ட முடியாது.

இந்தப் பணத்தை நாளாந்தச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து, வேறொரு கணக்கில் வைக்க வேண்டும். நிலையான வைப்பிலோ திறைசேரி உண்டியலிலோ வைத்தால் பணவீக்கத்தின் அடி முழுமையாக நீங்காவிட்டாலும் குறையும். விலைக்கோரல்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் கணக்கு உண்மைக்கு அருகில் நிற்கும்.

சேர்ப்சைடில் நடந்தது

ஒத்திவைப்பின் விலை பணம் மட்டும்தான் என்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. 2021 ஜூன் 24 அதிகாலை, அமெரிக்காவின் மியாமிக்கு அருகே கடற்கரையோரச் சேர்ப்சைட் நகரில் சம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடித் தொடர்மாடியின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். 1981 இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தையும் நடத்தியது வீட்டு உரிமையாளர்களிலிருந்து தெரிவான, சம்பளமற்ற சபைதான்.

2018 இலேயே ஒரு பொறியியலாளர் அறிக்கை கொடுத்திருந்தார். நீச்சல் தடாகத் தளத்தின் கீழுள்ள நீர்த்தடுப்பு கெட்டுவிட்டது, அதனால் கொங்கிரீட் தளம் பாரதூரமாகச் சேதமடைந்திருக்கிறது, திருத்தாவிட்டால் சேதம் வேகமாகப் பெருகும் என்று அதில் இருந்தது. அப்போதைய மதிப்பீடு ஏறத்தாழ 9 மில்லியன் டொலர். கூட்டங்களில் வாக்குவாதம் நடந்தது. 2019 இல் சபை உறுப்பினர்களில் பெரும்பாலானோர் பதவி விலகினர். 2021 ஏப்ரலில் சபைத் தலைவி உரிமையாளர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அப்போது செலவு 15 மில்லியன் டொலராகியிருந்தது. சபையின் சேமிப்பு ஒரு மில்லியனுக்கும் குறைவு. உரிமையாளர்கள் பணம் கட்டுவதற்கான திகதி ஜூலை 1 என்று குறிக்கப்பட்டிருந்தது. கட்டடம் அதற்கு ஒரு வாரம் முன்னரே விழுந்துவிட்டது.

அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பிலேயே தடாகத் தளம் விதிகள் கேட்ட பலத்தைக் கொண்டிருக்கவில்லை என்பதைப் பின்னர் அமெரிக்க அரசின் தொழில்நுட்ப விசாரணை கண்டறிந்தது. ஆகவே பராமரிப்பின்மை மட்டுமே காரணம் என்று சொல்வது சரியல்ல. ஆனால் எச்சரிக்கை கைக்கு வந்த பிறகு மூன்று வருடங்கள் எப்படிக் கழிந்தன என்பதைப் படிக்கும்போது, வெள்ளவத்தைப் பொதுக்கூட்டம் ஒன்றின் கூட்டறிக்கையைப் படிப்பது போலவே இருக்கிறது. யாரும் கெட்டவர்களில்லை. ஒவ்வொருவருக்கும் இன்னொரு மதிப்பீடு தேவைப்பட்டது, இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

2022 இல் புளோரிடா மாநிலம் சட்டத்தை மாற்றியது. மூன்று மாடிகளும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடிகளுக்கு 30 வருடத்தில் கட்டமைப்புப் பரிசோதனை கட்டாயமானது. கட்டமைப்புக்கான ஒதுக்கு நிதியை வாக்கெடுப்பால் தள்ளுபடி செய்யும் வழியும் மூடப்பட்டது. விளைவாகப் பழைய கட்டடங்களில் மாதக் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. ஓய்வூதியர்கள் பலர் வீட்டை விற்க நேர்ந்தது. 2025 இல் சட்டத்தைச் சற்றுத் தளர்த்தவும் வேண்டியதாயிற்று. முப்பது வருடம் சேர்க்காத பணத்தை மூன்று வருடத்தில் சேர்க்கச் சொன்னால் அப்படித்தான் நடக்கும்.

மரைன் டிரைவ் பக்கமுள்ள கட்டடங்களுக்கு இதில் கவனிக்க ஒன்று உண்டு. கடற்காற்றிலுள்ள உப்பு காலப்போக்கில் கொங்கிரீட்டுக்குள் ஊறி உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தால் கொங்கிரீட் வெடித்து, துண்டு துண்டாகக் கழன்று விழுகிறது. வாகனத் தரிப்பிடத்தின் கூரையிலோ பல்கனியின் அடியிலோ தூணின் மூலையிலோ கம்பி நெடுகிலும் நீளமான வெடிப்பு, செம்மண் நிறக் கறை, தட்டினால் பொள்ளென்ற ஓசை ஆகியவை தெரிந்தால் மேசனைக் கூப்பிட்டு மேலே பூசிவிடுவது மிக மோசமான தீர்வு. பூச்சு கறையை மறைக்கும். துரு உள்ளே வேலையைத் தொடரும். கழன்ற கொங்கிரீட்டை அகற்றி, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையானால் புதுக்கம்பி சேர்த்து, அதற்குரிய கலவையால் அடைப்பதுதான் முறை. அதற்கு முன் பட்டயப் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து எழுத்தில் தர வேண்டும். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் சபைகளை நான் அறிவேன். அதே சபைகள் முன்வாசல் டைல்ஸை மாற்றத் தயங்குவதில்லை.

கட்டாதவர்கள்

எந்தச் சபையைக் கேட்டாலும் முதல் தலையிடி நிலுவைதான். கட்டாதவர்களில் மூன்று வகையுண்டு. உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒரு வகை. அவர்களோடு தனியாகப் பேசித் தவணை முறைக்கு எழுத்தில் இணங்கலாம். இரண்டாவது வகை வெளிநாட்டில் இருப்பவர்கள். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உரிமையாளர், வீடு பூட்டிக் கிடக்கிறது, தண்ணீர்கூடப் பாவிப்பதில்லை, எதற்குக் கட்டணம் என்று கேட்பார். பூட்டிய வீட்டின் மேலும் கூரை இருக்கிறது. வாடகைக்குக் கொடுத்திருந்தால் வாடகைக்காரர் கட்டுவார் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அவர்களுக்கிடையே என்ன ஒப்பந்தம் இருந்தாலும் கூட்டுத்தாபனத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் உரிமையாளரே. இவ்வாறானவர்களிடம் உள்ளூரில் அற்றோனித் தத்துவம் பெற்றவர் யார், மின்னஞ்சல் முகவரி எது என்பதை முன்கூட்டியே வாங்கிப் பதிவேட்டில் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது வகைதான் கடினமானது. 'என் குளியலறைக் கூரை ஒரு வருடமாக ஒழுகுகிறது, அதைத் திருத்தும்வரை ஒரு சதமும் கட்டமாட்டேன்' என்பவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவர் கட்டாத பணம் அடுத்த வீட்டாரின் லிப்டையும் நிறுத்துகிறது. முறைப்பாட்டையும் கட்டணத்தையும் பிரித்து வைப்பதுதான் சபை செய்யக்கூடியது: முறைப்பாட்டுக்கு எழுத்தில் பதில், திகதி குறித்த நடவடிக்கை, கட்டணத்துக்குத் தனியான நினைவூட்டல்.

ஒழுக்கைப் பற்றிச் சொன்னதால் ஒரு விடயம். மாடிகளுக்கிடையிலான சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஒழுக்கிலிருந்து பிறக்கிறது; யாருடைய குழாய் என்று தெரியாமலே இரண்டு குடும்பங்கள் பேசாமல் போய்விடுகின்றன. பார்க்க வேண்டியது நேரத்தைத்தான். இரவு பகலாக ஒரே அளவில் ஒழுகினால் அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். மேல்வீட்டார் குளிக்கும்போது மட்டும் என்றால் கழிவுக்குழாய் அல்லது குளியலறைத் தளம். மழை பெய்தால் மட்டும் என்றால் வெளிச்சுவர் அல்லது கூரை. மேலிருந்து கீழாக எல்லா வீடுகளுக்கும் போகும் குழாயும் வெளிச்சுவரும் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு; மேல்வீட்டுக் குளியலறைத் தளத்தின் நீர்த்தடுப்பு அந்த வீட்டாரின் பொறுப்பு. திட்டப்படத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவிடத்து, சுவரினதும் தளத்தினதும் நடுக்கோடுதான் எல்லை என்பது பொதுவான விதி. அந்தத் திட்டப்படத்தின் பிரதியொன்று சபையிடம் இருந்தால் வாக்குவாதம் அரைவாசி குறையும். பல சபைகளிடம் அது இல்லை. கட்டியவரிடமிருந்து கட்டடத்தைப் பொறுப்பேற்ற நாளில் யாரும் கேட்டு வாங்கவில்லை.

கட்டாதவரின் தண்ணீரை நிறுத்துவோம் என்று சில கூட்டங்களில் தீர்மானம் எடுப்பார்கள். குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கும் வீட்டின் தண்ணீரை வெட்டுவது அயலவர் செய்யும் காரியமல்ல. சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும். நிலுவை என்பது கடன். கடனை அறவிடச் சட்ட வழி உண்டு. எழுத்தில் அறிவித்தல், சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம், தொகை சிறிதென்றால் பொதுவாக முதலில் மத்தியஸ்த சபை, பிறகு நீதிமன்றம் என்று அது போகும். அதிகாரசபையிடம் முறைப்பாடும் செய்யலாம். மெதுவான வழிதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதத்தில், மூன்று மாத நிலுவையிலேயே தொடங்கினால் பெரும்பாலானோர் இரண்டாவது கடிதத்தோடு கட்டிவிடுவார்கள். ஐந்து வருடம் விட்டுவிட்டு ஒருவரை மட்டும் குறிவைத்தால் அது பழிவாங்கலாகவே தெரியும்.

பொருளாளரின் நல்ல பெயர்

தொண்டர்கள் சபைக்கு வர மறுப்பதற்கு வேலைப்பளுவைவிடப் பெரிய காரணம் அவப்பெயர். 'பெயின்ட் கொந்தராத்தில் அவருக்கு எவ்வளவு போனது' என்று வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தால், முப்பது வருடம் வங்கியில் நேர்மையாக வேலை செய்தவர் அடுத்த கூட்டத்தில் இராஜினாமா செய்துவிடுவார். அவர் போனபின் வர யாரும் இருப்பதில்லை.

ஆகவே கணக்கு வெளிப்படையாக இருப்பது முதலில் பொருளாளருக்குத்தான் பாதுகாப்பு. கட்டணம் வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். கைக்காசு வாங்குவதே வேண்டாம். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. குறித்த தொகைக்கு மேற்பட்ட வேலைகளுக்கு மூன்று விலைக்கோரல், ஏன் ஒன்றைத் தெரிந்தோம் என்று ஒரு வரி. மாதாந்த வரவு செலவை ஒரு பக்கத்தில் லிப்ட் அருகே ஒட்டலாம். நிலுவையிலுள்ளவர்களின் பெயரை ஒட்டுவது பற்றி இரண்டு கருத்துண்டு. பெயரில்லாமல் மொத்த நிலுவைத் தொகையை மட்டும் போட்டாலே போதும் என்பது என் எண்ணம், பெயர்கள் தானாகவே தெரிந்துவிடும். வருடாந்தக் கணக்காய்வை அதே கட்டடத்தில் குடியிருக்கும் கணக்காளரிடம் கொடுக்காமல் வெளியாளிடம் கொடுப்பது அவருக்கும் நல்லது.

அறிவித்தல்களின் மொழியும் இதோடு சேர்ந்த விடயம். கொழும்புத் தொடர்மாடிகளில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் ஒரே மாடிப்படியைப் பாவிக்கின்றன. கூட்டறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் சில உரிமையாளர்களுக்குத் தாங்கள் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதே தெரியாது. தெரியாத இடத்தில் சந்தேகம் வளரும். கட்டண உயர்வு பற்றிய அறிவித்தலாவது மூன்று மொழிகளிலும் இருப்பது பெரிய செலவல்ல.

சபைகள் மறந்துவிடும் இன்னொரு பக்கமும் இருக்கிறது. காவலாளியையும் துப்புரவாளரையும் நேரடியாக வேலைக்கு அமர்த்தினால் கூட்டுத்தாபனம் தொழில்தருநர் ஆகிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் பங்காக 12 வீதமும் ஊழியர் பங்காக 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். பதினைந்து வருடம் வாசலில் இருந்த முதியவர் விலகும்போது அவருடைய பெயரில் ஒன்றுமே இல்லை என்பது தெரியவந்தால், சட்டப் பிரச்சினைக்கு முன்னர் அது வெட்கக்கேடு. அதேபோல மொட்டைமாடியில் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தேடி வருவது பொது இடத்தைப் பராமரிக்க வேண்டியவர்களையே.

மொட்டைமாடியைப் பற்றிச் சொல்வதானால், பொது இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாருடையதாவது அங்கேதான் அதிகம். முதலில் ஒருவர் பூச்சாடிகள் வைப்பார், பிறகு தகரக் கொட்டில், பிறகு பூட்டுள்ள கதவு. அயலவர் மனம் நோகுமே என்று யாரும் பேசுவதில்லை. பத்து வருடத்துக்குப் பின் கூரைக்கு நீர்த்தடுப்புப் பூச வந்தவர் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும்போது, சாவி வைத்திருப்பவர் அது தன்னுடைய இடம் என்று சத்தியம் செய்வார். பூச்சாடி வைத்த முதல் வாரத்தில் எழுதப்படும் ஒரு மரியாதையான கடிதமும் அதன் பிரதியும் கோவையில் இருந்தால், அன்று காட்ட ஏதாவது இருக்கும்.

வீடு வாங்க நினைப்பவர்களுக்கும் இதே கோவைதான் உதவும். அறைகளின் டைல்ஸையும் குசினி அலுமாரியையும் பார்த்து முடித்தபின், சட்டத்தரணி மூலம் கூட்டுத்தாபனத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு: அந்த வீட்டுக்கு நிலுவை இல்லை என்ற கடிதம், கடைசி மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை, ஒதுக்கு நிதியில் இன்று இருக்கும் தொகை, லிப்ட் பொருத்தப்பட்ட வருடம், கூரைக்குக் கடைசியாக நீர்த்தடுப்புச் செய்த திகதி, காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி. ஒதுக்கு நிதியில் எவ்வளவு என்ற கேள்விக்குச் சபையிலிருந்து பதில் வராவிட்டால், லிப்ட் வருடத்தை வைத்து மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டு, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.